மணிக்கட்டுக்கு இறங்கிய நோய்

நகரத்தில் எல்லோருக்கும் ஏதோ ஒரு நோய் இருந்தது. நோய் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள், இன்னும் நிழலய்யாவிடம் போகாதவர்கள்.

போனவர்களுக்கு உடனே இருந்தது. முதுகு வலிக்கிறது என்று போனவருக்கு முதுகில் இருந்தது. சும்மா துணைக்குப் போனவருக்கும் வயிற்றில் இருந்தது. மூன்றாவது தடவை போனபோது இருவருக்கும் பூரண குணம். இதற்கு மேல் என்ன வேண்டும்? கூட்டம் குவிந்தது. அவருடைய கட்டடத்தின் மொட்டை மாடியில் தொடங்கிய வரிசை, படிக்கட்டில் இறங்கி, சைக்கிள் கடையைத் தாண்டி, தெருமுனையில் திரும்பி, பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றது. பேருந்துக்கு நின்றவர்கள் சிலர் வரிசையில் கலந்து, வைத்தியம் பார்த்துக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

வாசலில் ஒரு பலகை: 'கேமரா பொய் சொல்லும். நிழல் பொய் சொல்லாது.' அதற்குக் கீழே: 'ஊசி இல்லை, கத்தி இல்லை. உங்கள் கையும் சூரியனும் போதும். கட்டணம் கிடையாது.' அதற்கும் கீழே ஒரு பெட்டி. அன்பளிப்புப் பெட்டி. அதில் எதுவும் போடாதவர்களின் நிழல் தெளிவாக விழுவதில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நிழலுக்கு அவ்வளவு கூர்மையான கண்.

முறை இதுதான். மஞ்சள் விளக்கு எரியும் கூடத்தில் உங்களை உட்கார வைப்பார்கள். மடியில் ஒரு மரப்பலகை. அதன் தலைமாட்டில் கிளிப்பில் மாட்டிய ஒரு காகிதம். மேலே கறுப்புத் துணி. துணிக்குள் வலது கையை விட்டுக் காகிதத்தின் மேல் விரித்து வைக்க வேண்டும். அப்படியே மாடிக்குப் போக வேண்டும். மணி அடித்ததும் கண்ணை மூட வேண்டும். துணியை உருவுவார்கள். கை வெயிலில் காயும். மறுபடி மணி. பிறகு காகிதத்தைத் தொட்டித் தண்ணீரில் அலசி, 'உயிர்நீர்' என்று ஒன்றை மேலே ஊற்றுவார்கள். அந்த நொடியில், வெளிறிக் கிடந்த காகிதம் குப்பென்று ஆழ்ந்த நீலமாகும். நடுவில் வெள்ளை வெளேரென்று உங்கள் கை.

"இந்த நீலம்தான் உன் ஒளிக்கவசம்" என்பார் நிழலய்யா. கவசத்தில் எங்காவது வெள்ளையாக ஓட்டை விழுந்திருந்தால் அங்கேதான் நோய். கட்டைவிரல் பக்கம் ஓட்டை என்றால் தலை. ஆள்காட்டி விரல், தொண்டை. நடுவிரல், மார்பு. மோதிர விரல், வயிறு. சுண்டுவிரல், கால். உடம்பில் இதற்கு மேலும் உறுப்புகள் உண்டுதான். ஆனால் கையில் விரல் ஐந்துதானே, அவர் என்ன செய்வார்?

இந்த வரிசையில் ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். புகைப்படக் கல்லூரி மாணவி. கேமராவே இல்லாமல் படம் எடுப்பதுதான் அவளுடைய இந்த வருடப் பாடம். காகிதத்தின் மேல் சாவிக்கொத்தை வைப்பாள், இலையை வைப்பாள், உடைந்த கண்ணாடியை வைப்பாள், வெயிலில் காட்டுவாள். பூவைக் கசக்கிச் சாறெடுத்துத் தாளில் பூசி, வாரக்கணக்கில் சன்னலோரம் வைத்து, ஒரு இலையின் உருவம் வந்ததா என்று பார்ப்பாள். கேமரா பிறந்த காலத்தில் மக்கள் எப்படியெல்லாம் படம் பதித்தார்களோ, அத்தனையையும் தானே செய்து பார்க்கும் பித்து. அதனால் அவள் நகங்களில் எப்போதும் ஒரு நீலக்கறை. வகுப்பில் அவளுக்குப் பெயரே நீலக்கை.

அவள் துணைக்கு வந்தது சித்திக்கு. படிக்கிற காலம் முழுவதும் அவளுக்குச் சித்தி வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும் திட்டும். சித்தி ஓட்டுநர் பள்ளி நடத்துபவர். "கிளட்ச்ச விடுடா!" என்று அவர் போடும் சத்தத்தில் எதிரே வரும் லாரி கூடக் கிளட்சை விடும். அந்தக் கழுத்தில்தான் இப்போது ஒரு கட்டி. ஊசியில் சதை எடுத்துப் பார்த்த மருத்துவர், இது நல்ல கட்டி இல்லை, சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்று திங்கட்கிழமைக்கு நாள் குறித்தார். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, கவனமாகச் செய்வோம் என்றும் ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் சித்தியின் காதில் விழவில்லை. குரல் போனால் சித்திக்குப் பிழைப்பு போச்சு. பிழைப்பை விடப் பெரிதாக, சித்தியே போச்சு.

அந்தப் பயத்தோடு அவர் நிழலய்யாவிடம் வந்தார். முதல் படத்தில் ஆள்காட்டி விரலருகே ஓட்டை. இரண்டாவதில் ஓட்டை சின்னதாகியிருந்தது. இன்று மூன்றாவது.

"மூஞ்சிய அப்படி வச்சுக்காதடி. ஐயா கண்ணுல பட்டா உன் நிழல்ல கோவம் விழும்" என்றார் சித்தி.

"விழட்டும் சித்தி. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறோம்ல?"

"இன்னிக்குப் படத்தப் பாத்துட்டுச் சொல்றேன்."

முன்னால் நின்றவர் மாடிவீட்டு எஞ்சினியர். ஓய்வு பெற்றவர். திரும்பி, பரிவோடு சொன்னார்: "இது குவாண்டம், தங்கச்சி. உனக்குப் புரியாது."

"உங்களுக்குப் புரிஞ்சுதா மாமா?"

"புரியாததாலதானே குவாண்டம்ங்கிறேன்!"

கூடத்துக்குள் நுழைந்ததும் ஒருவர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். நிழலய்யாவின் மனைவியின் தம்பி. அய்யா அவரை 'மச்சான்' என்று கூப்பிடுவதால் ஊரே அவரை மச்சான் என்றுதான் கூப்பிட்டது. "என்ன செய்யுது? தூக்கம் வருதா? பசி எடுக்குதா?" என்று ஒவ்வொருவரிடமும் உருகி உருகி விசாரிப்பார். விசாரித்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்க் காகிதம் எடுத்து வருவார். சித்தியைப் பார்த்ததும் மட்டும் தோள் சுருங்கி, "வாங்க மேடம்" என்றார். சித்தியிடம் வண்டி ஓட்டப் படித்தவர். ஓட்டுநர் உரிமத் தேர்வில் நாலு தடவை தோற்றவர்.

தண்ணீர் டம்ளரை நீட்டிய அந்த விரல்களை நீலக்கை பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் நீலம். தன் நகத்தைப் பார்த்தாள். அதே நீலம். அண்ணாந்து மஞ்சள் விளக்கைப் பார்த்தாள். சன்னலில் தொங்கிய மஞ்சள் திரையைப் பார்த்தாள். அடக் கடவுளே என்று சொல்ல வாயெடுத்து, இந்த இடத்தில் அந்த வார்த்தை வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டாள்.

மாடியில் சித்தியின் படம் வந்தது. ஓட்டையே இல்லாத முழு நீலம். "பூரண குணம்!" என்றார் நிழலய்யா. "ஞாயிற்றுக்கிழமை பெரிய கூட்டம். நீங்க வந்து சாட்சி சொல்லணும், தாயே."

சித்தி அழுதுவிட்டார். கட்டி அவர் கழுத்தில் அப்படியே இருந்தது.

வீட்டுக்குப் போனதும் சித்தி, "ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி வேணாம்னு சொல்லிருங்க" என்று சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பா இரண்டு பக்கமும் தலையாட்டத் தெரிந்தவர். சரி என்று சித்தியைப் பார்த்து ஆட்டினார். வேண்டாம் என்று நீலக்கை கண்ணைக் காட்டியபோது அவளைப் பார்த்தும் ஆட்டினார். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். "லைன் கெடைக்கல" என்று திரும்பி வந்தார். மறுநாளும் கிடைக்கவில்லை. வீரம் என்பது சில சமயம் இப்படியும் இருக்கும்.

நீலக்கை அன்று மாலையே விளக்கத் தொடங்கினாள். எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் யாருக்கும் மயக்கம் தெளிந்துவிடும் என்பது அவள் எண்ணம். சின்ன வயது.

"இங்க பாருங்க சித்தி. ரெண்டு உப்பு. ரெண்டுலயும் இரும்பு இருக்கு. தண்ணியில கரைச்சுக் கலந்தா மஞ்சளும் பச்சையுமா ஒரு கரைசல். அதக் காகிதத்துல பூசி இருட்டுல காய வைக்கணும். வெயில் பட்ட எடத்துல இரும்பு குணம் மாறி, ரெண்டு உப்பும் ஒண்ணாச் சேந்து நீலமாயிடும். அந்த நீலம் தண்ணியில கரையாது. கை மறைச்ச எடத்துல வெயில் படல. அங்க உப்பு உப்பாவே இருக்கும், அலசினாப் போயிடும். வெள்ளையாக் கை தெரியும். அவ்வளவுதான்!"

"உயிர்நீர் ஊத்தினதும் குப்புனு நீலமாச்சே?"

"காயம் கழுவ மருந்துக்கடையில நுரை வர்ற மருந்து விப்பாங்கல்ல, அதான். தானா நாளைக்குள்ள ஏறுற நீலத்த அது உடனே ஏத்திடும்."

"ஓட்டை?"

இந்த இடத்துக்குத்தான் அவள் காத்திருந்தாள். "பூசும்போது அந்த எடத்துல பூசாம விட்டுட்டா ஓட்டை! மஞ்சள் வெளிச்சத்துல வெள்ளைத் தாளும் மஞ்சளாத் தெரியும், பூசின எடமும் மஞ்சளாத் தெரியும். எங்க விட்டிருக்குன்னு கண்டே பிடிக்க முடியாது. மச்சான் எதுக்கு எல்லார்கிட்டயும் வலி எங்கன்னு கேக்கறாரு? அதுக்கேத்த காகிதம் எடுக்கத்தான்!"

சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. மறுநாள் காலை தானே ஒரு காகிதத்தில் கரைசல் பூசினாள். ஏதாவது ஒரு இடம் என்று சுண்டுவிரல் வரும் இடத்தில் கொஞ்சம் பூசாமல் விட்டாள். சித்தியின் கையை வைத்து, மாடி வெயிலில் காட்டி, அலசி, மருந்தை ஊற்றினாள். அச்சு அசலாக அதே நீலம், அதே வெள்ளைக் கை, சுண்டுவிரலருகே ஒரு ஓட்டை.

சித்தி அதைப் பார்த்தார். சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"சுண்டுவிரல்னா கால்தானே?" என்றார் சித்தப்பா மெதுவாக. "நேத்துலேருந்து முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டிருந்தியே."

சித்தியின் கண் விரிந்தது. "அம்மாடி! உனக்கும் வந்துருச்சுடி!"

"எது?"

"அந்தப் பார்வ!"

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே கதவைத் திறந்தாள். வாசலில் ஏழெட்டுப் பேர் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இது வெறும் இரும்பு உப்பு" என்றாள்.

"என்ன அடக்கம் பாருங்க!" என்றார் கறிகாய்க்காரம்மா. "அவருக்கு மணி வேணும், மச்சான் வேணும். இந்தப் புள்ளைக்கு உப்பே போதும்."

"இதுல எந்தச் சக்தியும் இல்லீங்க!"

"சக்தி உள்ளவங்க அப்படித்தாம்மா சொல்லுவாங்க."

அவள் விளக்க விளக்க வாசலில் செருப்பு கூடியது. சாயங்காலத்துக்குள் அவள் 'நீலக்கையம்மா' ஆகியிருந்தாள். எஞ்சினியர் வந்து, இரும்புக்கும் இரத்தத்துக்கும் உள்ள சம்பந்தத்தைக் கூடியிருந்தவர்களுக்கு விளக்கினார். அவளுக்கே அது புதிய செய்தி.

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து யோசித்தாள். தப்பு எங்கே? இப்படிச் செய்யலாம் என்று காட்டினாள். அவர் இப்படித்தான் செய்கிறார் என்று காட்டவில்லை. அவளும் செய்தால் அவளும் ஒரு அய்யா, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. காட்ட வேண்டியது வித்தையை அல்ல. கேட்க வேண்டியது ஒரு கேள்வி: ஓட்டை இருப்பது கையிலா, காகிதத்திலா?

கையில் இருந்தால் கையோடு போகும். காகிதத்தில் இருந்தால் காகிதத்தோடு போகும். அப்படியானால், காகிதத்தைத் திருப்பினால் என்ன ஆகும்?

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வரிசை பேருந்து நிறுத்தத்தையும் தாண்டியிருந்தது. சாட்சி சொல்வதற்காகச் சித்தி முன்னதாகவே மேலே போய்விட்டார், நல்ல சேலை கட்டிக்கொண்டு. நீலக்கை வரிசையின் தலையிலிருந்து நடந்து வந்தாள். எல்லோரும் வழிவிட்டார்கள். சிலர் குனிந்தார்கள்.

"காகிதத்து மேல கைய விரிக்கிறதுக்கு முன்னால, அதக் கிளிப்புலேருந்து உருவி, மேல்பக்கம் கீழ வர்ற மாதிரி திருப்பி மாட்டிருங்க. துணிக்குள்ளயே செய்யுங்க. பூசின பக்கம் மேலயே இருக்கட்டும்" என்றாள்.

"திருப்பினா என்ன பலன், அம்மா?"

"உண்மை தெரியும்."

"ஆகா!"

"எத்தன தடவ திருப்பணும்?" என்றார் முடிவெட்டுபவர்.

"ஒரு தடவ."

"மூணு தடவ திருப்பினா இன்னும் நல்லதில்லையா?"

அவள் ஒரு கணம் கணக்குப் போட்டாள். மூன்று தடவை திருப்பினாலும் ஒரு தடவை திருப்பியது போலத்தான் வந்து நிற்கும். "உங்க இஷ்டம்" என்றாள்.

"வலப்பக்கமாவா, இடப்பக்கமாவா?" என்றார் எஞ்சினியர்.

"எந்தப் பக்கமும்."

"கடிகாரத்துக்கு எதிர்த் திசை" என்று அவர் பின்னால் நின்றவருக்கு அழுத்தமாகச் சொன்னார்.

ஏன் என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. பகுத்தறிவைக் கொண்டுவர ஒரு மூடநம்பிக்கையின் தோளில் ஏறிப் போவது அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் திங்கட்கிழமை பக்கத்தில் வந்துவிட்டது.

மாடியில் மணி அடித்தது. கண்கள் மூடின. துணிகள் உருவப்பட்டன. வெயில் தன் வேலையைச் செய்தது. அதற்கு யார் அய்யா, யார் அம்மா என்ற பேதம் கிடையாது. மறுபடி மணி. மச்சான் அலசினார், ஊற்றினார், கொடியில் வரிசையாக மாட்டினார்.

நிழலய்யா முதல் படத்தின் அருகில் போனார். மச்சான் காதில் போட்டிருந்த செய்தியை நினைவில் வைத்து, படத்தைப் பார்ப்பதற்கு முன்பே கம்பீரமாக ஆரம்பித்தார். "தாயே, உனக்கு வயிற்றில்..."

பார்த்தார். மோதிர விரலைச் சுற்றி முழு நீலம். ஓட்டை கீழே, மணிக்கட்டுப் பக்கம் கிடந்தது.

தொண்டையைச் செருமினார். "வயிற்றில் இருந்த நோய்... கீழே இறங்கியிருக்கிறது!"

கைதட்டல்.

இரண்டாவது, தலைவலிக்காரர். மணிக்கட்டு. மூன்றாவது, மார்பு. மணிக்கட்டு. நான்காவது, ஐந்தாவது, எஞ்சினியர், எல்லோருக்கும் மணிக்கட்டு. நிழலய்யாவின் நெற்றியில் வேர்த்தது. ஆனால் லேசுப்பட்டவரா அவர்? இரு கையையும் உயர்த்தினார்.

"மக்களே! இன்று இந்த நகரத்தின் நோயெல்லாம் மணிக்கட்டுக்கு இறங்கிவிட்டது! இன்னும் ஒரே ஒரு தடவை வந்தால் விரல் வழியாக வெளியே போய்விடும்!"

மாடி அதிர்ந்தது. "ஈர்ப்பு விசை!" என்று கத்தினார் எஞ்சினியர். மணிக்கட்டிலிருந்து விரலுக்குப் போக நோய் மறுபடி மேலே ஏற வேண்டுமே என்று யாரும் கேட்கவில்லை.

நீலக்கைக்கு அழுகை முட்டியது. சோதனை ஜெயித்துவிட்டது, அதையும் அற்புதக் கணக்கில் எழுதிவிட்டார்கள். முன்வரிசையில் சித்தியும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கொடியின் கடைசியில் ஒரு படம் அவள் கண்ணில் பட்டது. அதில் மட்டும் ஓட்டை மேலே, கட்டைவிரல் அருகில் இருந்தது.

"இது யாரோடது?" என்று கத்தினாள்.

"என்னோடதும்மா" என்றார் முடிவெட்டுபவர், கூச்சத்தோடு. "தலைசுத்தல்."

"நீங்க காகிதத்தத் திருப்பலையா?"

"திருப்பினேனே! எல்லாரும் ஒரு தடவதான் திருப்பினாங்க. எனக்கு டபுள் பலன் கெடைக்கட்டும்னு ரெண்டு தடவ திருப்பினேன்."

மாடியில் யாரோ ஒருவர் சிரித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"வேற யாரு திருப்பல?" என்றாள் நீலக்கை. தாமதமாக வந்த இருவர் கை தூக்கினார்கள். "நாங்க வரிசையில இல்லம்மா. எங்ககிட்ட யாரும் சொல்லல." அவர்கள் படங்களில் ஓட்டை விரலருகே இருந்தது.

"திருப்பினவங்க நோய் மணிக்கட்டுல. திருப்பாதவங்க நோய் விரல்ல. ரெண்டு தடவ திருப்பினவருக்குப் பழைய எடத்துக்கே திரும்பி வந்துருச்சு." அவள் ஒவ்வொரு படமாகத் தொட்டுக்கொண்டே நடந்தாள். "யாரும் கைய மாத்தல. காகிதத்த மட்டும்தான் மாத்தினோம். இப்பச் சொல்லுங்க, ஓட்டை எதுல இருக்கு?"

அமைதி. யோசிக்கும் அமைதி என்பது அந்த மாடிக்குப் பழக்கமில்லாதது. எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது.

"நம்பிக்கை இல்லாதவர் கை பட்டுக் காகிதம் தீட்டாகிவிட்டது!" என்று மணியை எடுத்தார் நிழலய்யா.

"மணிய கீழ வைங்க."

சித்தி எழுந்து நின்றிருந்தார். தெருமுனை வரை கேட்கும் அந்தக் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. அவர் நேராகக் கீழே கூடத்துக்கு இறங்கித் திரைக்குப் பின்னால் போனார். கறுப்புப் பிளாஸ்டிக் உறைகள் போட்ட ஒரு பெட்டியைத் மாடிக்குத் தூக்கி வந்து எல்லோர் முன்னாலும் வைத்தார். ஒவ்வொரு உறையிலும் ஒரு நிறத்தில் கிளிப்.

"மச்சான். இதுல எது தொண்ட?"

"பச்ச கிளிப்பு, மேடம்" என்றார் மச்சான். வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. சித்தி கேட்டால் உடனே பதில் சொல்லிப் பழகிய வாய் அது.

"எது பூரண குணம்?"

"சிவ..." என்று தொடங்கி, அக்கா புருஷனைப் பார்த்து நிறுத்தினார்.

"சிவப்பா? சரி."

சித்தி வெயிலில் உட்கார்ந்தார். கண்ணை மூடவில்லை. முதலில் பச்சைக் கிளிப்பு. கையை வைத்தார். மஞ்சளாக இருந்த காகிதம் வெயிலில் பச்சையாகி, சாம்பலாகி, கருநீலமாகிறதை எல்லோரும் திறந்த கண்ணோடு முதல் தடவையாகப் பார்த்தார்கள். ஆள்காட்டி விரல் நுனியில் மட்டும் ஒரு இடம் எதுவுமே ஆகாமல் வெள்ளையாகவே கிடந்தது. நீலக்கை அலசினாள். தொண்டை நோய்.

அடுத்து சிவப்புக் கிளிப்பு. அதே கை. அதே வெயில். பூரண குணம்.

சித்தி இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்தார். "டீ ஆறுறதுக்குள்ள எனக்கு நோய் வந்து, குணமும் ஆயிருச்சு. இன்னொரு காகிதம் இருந்தாக் குடுங்க, செத்தும் பாத்துடறேன்."

இந்தத் தடவை சிரிப்பு நிற்கவில்லை.

சிரிப்பு கோபமாக மாற அதிக நேரம் ஆகவில்லை. மச்சான் கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டினார். அவர்கள் முன்பு வைத்திருந்தது கட்டட வரைபடங்களுக்கு நகல் எடுக்கும் கடை. நீலத் தாளில் வெள்ளைக் கோடு விழுமே, அதே இரும்பு, அதே வெயில். கம்ப்யூட்டர் வந்து வீடுகளின் வரைபடத்தைப் பிடுங்கிக்கொண்டதும், வீட்டுக்காரர்களையே நகல் எடுக்கலாம் என்று அக்கா புருஷனுக்கு யோசனை வந்ததாம்.

எஞ்சினியர் தன் படத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். "இந்த நீலத்தாள விரிச்சு வச்சுத்தான் நான் காலமெல்லாம் பாலம் கட்டினேன்" என்றார்.  

நிழலய்யாவைக் காணோம். பின்படிக்கட்டில் இறங்கியவரைச் சைக்கிள் கடைக்காரர் பிடித்து நிறுத்தியிருந்தார். அன்பளிப்பைத் திருப்பிக் கேட்டவர்களிடம், அன்பளிப்பு என்றால் திரும்பாது என்று நிழலய்யா சட்டம் பேசிக்கொண்டிருந்தார். போலீஸ் வரும்வரை பேசினார்.

கூட்டம் கலையும்போது கறிகாய்க்காரம்மா நீலக்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஆளு போகட்டும்மா. நீயாவது எனக்கு நெசமா ஒரு படம் எடுத்துப் பாரு."

 சித்தி குறுக்கே வந்தார். "நெசமாப் பாக்கணும்னா ஆஸ்பத்திரிக்கு வா. நாளைக்கு நான் போறேன், வண்டியில எடம் இருக்கு."

சித்தப்பா மெல்ல அருகில் வந்தார். "அது வந்து... போன் லைன் கடைசி வரைக்கும் கெடைக்கவே இல்ல."

சித்தி அவரை ஒரு நிமிடம் பார்த்தார். "தெரியும்" என்றார்.

திங்கட்கிழமை. சித்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அறுவை மருத்துவர் இளம் பெண். கையில் ஸ்கேன் படம்.

"டாக்டர், ஒரு சந்தேகம். கோவிச்சுக்காதீங்க. கட்டி இந்தப் படத்துல இருக்கா, என் கழுத்துல இருக்கா?"

நர்ஸ் முறைத்தார். மருத்துவர் முறைக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நல்ல கேள்வி. விரல இங்க வைங்க. எச்சி முழுங்குங்க."

சித்தி விழுங்கினார். விரலடியில் அந்தக் கட்டி மேலே ஏறி, கீழே இறங்கியது.

"இது எந்தப் படமும் இல்லாமலே இருக்கு. வேற எடத்துல போயி இன்னொரு ஸ்கேன் எடுங்க, இதே எடத்துலதான் வரும். ஊசிப் பரிசோதனையையும் இன்னொரு டாக்டர்கிட்டக் காட்டுங்க. எனக்குக் கோவம் வராது."

"குரல் போயிடுமா?"

"பெரும்பாலும் போகாது. சில பேருக்குக் கொஞ்ச நாள் கம்மும். ரொம்பச் சில பேருக்கு மாறியே போயிடும். போகவே போகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

 முழு உறுதி கொடுத்தவர் இப்போது போலீஸ் நிலையத்தில் இருந்தார். கொஞ்சம் குறைத்துச் சொன்னவர் எதிரே இருந்தார். "இன்னும் ரெண்டு சந்தேகம் இருக்கு" என்றார். மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு நகராமல் உட்கார்ந்தார். அதற்கும் பிறகுதான் சித்தி படுத்தார்.

கட்டி வெளியே வந்தது. குரல் ஒரு மாதம் காற்றுப் போன டயர் மாதிரி இருந்தது. அந்த மாதம் வண்டி ஓட்டப் படித்தவர்கள் பாக்கியசாலிகள். அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் தெருமுனையிலிருந்து, "கிளட்ச்ச விடுடா!" என்று கேட்டது. மொட்டை மாடியில் காகிதம் காய வைத்துக்கொண்டிருந்த நீலக்கை, கையிலிருந்த தூரிகையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

நகரத்தில் இப்போதும் எங்கோ ஒரு வரிசை நின்றுகொண்டுதான் இருக்கிறது. சொம்பில் பார்க்கிறவரோ, கல்லில் பார்க்கிறவரோ, ஆள் வந்திருப்பார். நீங்களும் அதில் நிற்கலாம், உங்கள் கால், உங்கள் விருப்பம். ஒன்றே ஒன்று: கேள்வி கேட்டால் கோபிக்கிறவரிடம் சுண்டுவிரலைக் கூட நீட்டாதீர்கள். கோபிக்காதவரிடமும், கேட்டுவிட்டே கழுத்தை நீட்டுங்கள்.